பழைய காரோடு ஒரு டிராக் டே: கீழ்வேளூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழ்வேளூர்ப் பக்கம் காரை வேகமாக ஓட்டிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. திருவாரூர் – நாகப்பட்டினம் சாலை காலையில் பள்ளிக்கூட வேன்களுக்கு உரியது. மற்ற நேரம் முழுக்க வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகும் வண்டிகள். தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும்போது கிளைச் சாலைகளில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். காயப்போட்ட நெல்லை வண்டிகள் மிதிக்காமல் இருக்க ஓரமாகக் கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. வாய்க்கால் கரைச் சாலையில் எதிரே அறுவடை இயந்திரம் வந்துவிட்டால் ஒதுங்கவும் இடமில்லை. சட்டமும் விடாது. பொது இடத்தில் அனுமதியில்லாமல் பந்தயம் ஓட்டுவதும் வேகம் பார்ப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

ஆகவே ஆசை இருந்தால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யத்தான் வேண்டும். செய்யலாம், அதற்குத் தகுதியான இடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் உங்கள் பழைய கார் அதற்குப் போதும்.

டிராக் டே என்பது பந்தயம் அல்ல. கட்டணம் கட்டி, உங்கள் சொந்தக் காரை, எதிரே வண்டி வராத, குறுக்கே மாடு நிற்காத ஒரு பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். பரிசு கிடையாது, முதலிடம் கடைசியிடம் கிடையாது. பந்தயத்தில் இறங்குவதென்றால் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தரும் தனி உரிமம் வேண்டும். டிராக் டேக்குப் பொதுவாக உங்கள் ஓட்டுநர் உரிமமும், அடிபட்டால் அமைப்பாளரைப் பொறுப்பாக்க மாட்டேன் என்று எழுதித்தரும் கையெழுத்தும் போதும். அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கே போவது?

முதல் இடம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை. ஓட்டுபவர்கள் எல்லோரும் எம்.எம்.ஆர்.டி. என்றே சொல்வார்கள். மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்ற அந்தப் பழைய பெயர் இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று மாறியிருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய தடம் இது. அதற்கு முன் இவர்கள் ஓட்டியது சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில். அங்கே ஓடியவற்றில் பல வீட்டுக் கார்கள்தான்: ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவற்றைத் தட்டி, திருத்தி, எடையைக் குறைத்து ஓட்டினார்கள். பழைய காரோடு தடத்துக்குப் போகிறோமே என்று கூச்சப்படுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இந்த விளையாட்டை வளர்த்ததே பழைய கார்கள். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் திறந்தது. முழு வட்டம் 3.7 கிலோமீட்டர் சொச்சம். வளைவுகளை சி1, சி2 என்று எண் சொல்லித்தான் அழைப்பார்கள்; போகுமுன் தடத்தின் வரைபடத்தைப் பார்த்து எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காலை விளக்கக் கூட்டத்தில் அந்த எண்களில்தான் பேசுவார்கள்.

இரண்டாவது இடம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டிக் காட்டிய எஸ்.கரிவரதன் பெயரில் அமைந்தது. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்தான். இந்தத் தடத்தின் வட்டம் 2.1 கிலோமீட்டர், குறுகலானது, நேர்ப்பாதை குட்டை. புதியவருக்கும் பழைய காருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வேகம் அதிகம் ஏறாது என்பதால் பிரேக்கும் இன்ஜினும் கொஞ்சம் மூச்சு விடும். ஆனால் வளைவுக்கு மேல் வளைவு வருவதால் கைக்கும் கண்ணுக்கும் வேலை அதிகம்.

தில்லிக்குப் பக்கத்தில் 5 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள புத் சர்க்யூட் இருக்கிறது. ஃபார்முலா ஒன் ஓடிய இடம். கீழ்வேளூரிலிருந்து அங்கே பழைய காரை லாரியில் ஏற்றிப்போகும் பணத்துக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம், விட்டுவிடுங்கள்.

டிராக் டேயைத் தடத்தின் உரிமையாளர்களே எப்போதும் நடத்துவதில்லை. கிளப்புகள், பயிற்சிப் பள்ளிகள், டயர் மற்றும் கார் நிறுவனங்கள் தடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகின்றன. கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது: ஒருவருக்கு எத்தனை ஓட்டம், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், புதியவர்களுக்குத் தனிக் குழு உண்டா, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் உண்டா, ஆம்புலன்ஸும் இழுவை வண்டியும் நாள் முழுக்க நிற்குமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.

முதலில் ஒருமுறை வெறுங்கையோடு போய்ப் பாருங்கள் என்பேன். தேசியப் பந்தயம் நடக்கும் வார இறுதியில் போனால், ஓட்டுநர்கள் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள் என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். இருங்காட்டுக்கோட்டையிலேயே மிகா என்ற கார்ட்டிங் தடமும் இருக்கிறது. கார்ட்டில் அரை நாள் ஓட்டினால், எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும் என்பது உடம்பில் ஏறிவிடும்.

எந்தக் கார்?

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஃபெராரியை நினைத்து ஒதுங்க வேண்டாம். இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று இந்தியாவில் உருவானவை சொற்பம். கோவாவில் தயாரான, ரெனோ இன்ஜின் வைத்த சான் ஸ்டார்ம் அவற்றில் ஒன்று. அது கிடைத்தால் அதிர்ஷ்டம், உதிரிபாகம் கிடைப்பது அதைவிட அதிர்ஷ்டம். நம் கைக்கு எட்டியவை வேறு. 106 குதிரைத்திறன் கொண்ட முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி விடெக், 100 குதிரைத்திறன் கொண்ட ஃபியட் பாலியோ 1.6, ஃபோர்டு ஐகான் 1.6, மிட்சுபிஷி லான்சர், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், மாருதி எஸ்டீம், ஜென். லான்சர் திருவள்ளூரிலும் ஐகான் மறைமலைநகரிலும் தயாரானவை. சிங்கப்பூர், வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் இருபது வருடத்துக்கு முன் ஆசையாக வாங்கிப் பிறகு வீட்டில் போட்டுவைத்தவை டெல்டாவில் இன்னும் சில கிடக்கின்றன.

இவற்றில் புதியவருக்கு எது என்று கேட்டால், எஸ்டீம். எடை குறைவு, பந்தயக்காரர்கள் நீண்ட காலம் ஓட்டித் தீர்த்த கார், உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். விடெக் இன்ஜினின் சத்தம் தனி ருசிதான். ஆனால் அதை ஏற்கெனவே பலர் உச்சம்வரை முறுக்கிச் சலித்திருப்பார்கள். வாங்குமுன் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். ஆக்டேவியா வேகமான கார். பழுதானால் பையும் வேகமாகக் காலியாகும்.

காரைத் தயார் செய்தல்

பழைய காரைத் தடத்துக்குத் தயார் செய்வதென்றால் பலரும் முதலில் ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றுகிறார்கள். அந்தப் பணத்தை முழுசாக பிரேக்கில் போடுங்கள். திருவாரூர் ஆழித்தேரை நகர்த்துவதைவிட நிறுத்துவதுதான் பெரிய வேலை. அதற்காகத்தான் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. உங்கள் காரும் அப்படித்தான். வேகம் 60இலிருந்து 120 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. சாலையில் அந்த மாதிரிப் பிடித்து நிறுத்துவது மாதத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை.

சூடு ஏறினால் முதலில் காலை வாருவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சாகி அடிவரை இறங்கும், கார் நிற்காது. கடலோரக் காற்றில் நிற்கும் காரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. போவதற்கு முந்தைய வாரம் நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, சீல் உடைக்காத புதிய டப்பாவிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். மெக்கானிக் அலமாரியில் மூடி திறந்து கிடக்கும் பாதி டப்பா வேண்டாம். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். ரப்பர் ஹோஸ் காரோடு வந்ததே இன்னும் இருக்கிறதென்றால் அதையும் மாற்றுங்கள்.

அடுத்தது குளிர்ச்சி. நாகப்பட்டினம் கடலோரத்து போர்வெல் தண்ணீர் உப்பு. அதைப் பல வருடம் ரேடியேட்டரில் ஊற்றிய காரில் பாதிக் குழாய் அடைத்திருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது, தடத்தில் பத்தாவது நிமிடம் ஊசி சிவப்பைத் தொடும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், முடியாவிட்டால் புதிது. கூலன்ட்டை வடித்த நீரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடே ஆகாது என்று ஒரு வைத்தியம் நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. கேட்காதீர்கள், நல்லதாக ஒன்று வாங்கி மாட்டச் சொல்லுங்கள். வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று நினைவில்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆயிலை அளவுக்கம்பியின் மேல் கோடுவரை வையுங்கள். வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும்போது குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த ஒரு நொடியில் பேரிங் போய்விடும்.

உப்புக்காற்று செய்யும் இன்னொரு வேலை துரு. காரை மேலே ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள்: பிரேக் குழாய், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால் தடத்துக்கு இந்த வருடம் வேண்டாம். முதலில் டிங்கரிடம் விடுங்கள். பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங் மூன்றையும் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரில் பட்டன் நிறைய இருந்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் நான்கு எண் கொண்ட தயாரிப்புத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நிழலில் நின்ற காரின் டயரும் வயதாகும். ஆறு வருடம் தாண்டியதைத் தடத்தில் ஏற்ற வேண்டாம். ஸ்டெப்னியில் நல்லதாக ஒன்று இருக்கிறதே என்று ஒற்றையாக எடுத்து மாட்டவும் வேண்டாம்.

உதிரிபாகம் தேடுகிறவர்களுக்கு: புதியவை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், பழையவை புதுப்பேட்டையில். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் புதுப்பேட்டையில் வாங்காதீர்கள். கதவு, விளக்கு, டாஷ்போர்டு, சரி.

எல்லாம் முடிந்ததும் கேடிலியப்பர் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள். அதன்பின் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது உங்கள் பங்கு.

காகிதங்கள்

பதினைந்து வருடம் தாண்டிய சொந்தக் காரின் பதிவை ஆர்.டி.ஓ. ஆபீஸில் புதுப்பித்திருக்க வேண்டும். அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. சாலையில் ஓட்டிக்கொண்டுதானே போகப்போகிறீர்கள், ஆர்.சி.யும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை, நாம்தான் படிப்பதில்லை. வழக்கமான கார் பாலிசியில் எதற்கெல்லாம் காரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பத்தி இருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டும் அதில் உண்டு. தடத்துச் சுவரில் மோதினால் செலவு உங்களுடையது என்று நினைத்துத்தான் போக வேண்டும். நாளைக்கே இந்தக் கார் இல்லாமல் போனாலும் குடும்பம் ஓடும் என்றால் ஓட்டுங்கள். வீட்டில் இருக்கும் ஒரே கார் அதுதான் என்றால், பயிற்சிப் பள்ளியின் காரில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வருவது உத்தமம்.

போகும் வழியும் காலமும்

ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசி வெயிலில் பழைய காரின் ரேடியேட்டரும் உங்கள் தலையும் சேர்ந்து கொதிக்கும். தை முதல் பங்குனி முற்பாதிவரை நல்ல காலம். சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கையில் காசும் இருக்கும் நேரம்.

இருங்காட்டுக்கோட்டைக்கு: நாகப்பட்டினம், காரைக்கால், சீர்காழி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி, திண்டிவனம். அங்கிருந்து சென்னை நகருக்குள் நுழையாமல், செங்கல்பட்டு தாண்டி சிங்கப்பெருமாள்கோவிலில் இடதுபக்கம் திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கமாகச் சில கிலோமீட்டர். ஒரகடத்தில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலையை அடைத்துக்கொள்ளும், மதியத்துக்குள் கடந்துவிடுங்கள். முதல் நாளே போய் ஸ்ரீபெரும்புதூரில் தங்குங்கள். தொழிற்சாலைகளுக்கு வருபவர்களை நம்பி லாட்ஜுகள் நிறைய உண்டு. மாலையில் நேரம் இருந்தால் ராமானுஜர் பிறந்த ஊரின் ஆதிகேசவப் பெருமாளையும் பார்த்துவிடலாம்.

கோயம்புத்தூருக்கு: நம் வாசலில் ஓடும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே திருச்சி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாக அங்கேதான் போய் முடிகிறது. ஆனால் அது சுற்று. திருச்சியில் விலகி கரூர், காங்கேயம், பல்லடம் வழியாகப் போவது சுருக்கம்.

தடத்தில்

அதிகாலையில் போய்விடுங்கள். காரைச் சோதிப்பவர் வருமுன் மிதியடி, தண்ணீர் பாட்டில், ஜாக்கி, ஸ்டெப்னி, டாஷ்போர்டு பிள்ளையார் உட்பட கழன்று உருளக்கூடிய எல்லாவற்றையும் இறக்கிவையுங்கள். பேட்டரி கிளாம்ப் ஆடுகிறதா என்று பாருங்கள். ஹெல்மெட் கட்டாயம். முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட், மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூ. செருப்போடு வந்தால் திருப்பி அனுப்புவார்கள். கையோடு கொண்டுபோக: ஒரு டப்பா பிரேக் ஆயில், கூலன்ட், காற்று அளக்கும் மீட்டர், வீல் ஸ்பானர், துணி, குடை, நிறையத் தண்ணீர், நீர்மோர். வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

விளக்கக் கூட்டத்தில் தூங்காதீர்கள். கொடிகளைச் சொல்வார்கள். மஞ்சள்: முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு: ஓட்டம் நின்றது, மெதுவாக, கார்கள் நிறுத்தும் பிட்டுக்குத் திரும்பு. நீலம்: பின்னால் வேகமான கார், வழி விடு. கறுப்பு: நீதான், உள்ளே வா. சதுரங்கக் கட்டம்: ஓட்டம் முடிந்தது. நீலக்கொடி காட்டினால் ரோஷப்படாதீர்கள். நேர்ப்பாதையில் ஒருபக்கமாக ஒதுங்கி, போகச் சொல்லிக் கையைக் காட்டி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் போதும்.

ஓட்டும் முறைக்கு ஒரு நாளில் மூன்று விஷயம் கற்றுக்கொண்டால் பெரிது. பிரேக்கை ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிடுங்கள். பல பழைய கார்களில் ஏபிஎஸ் இருக்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சிட்டால் பெடலைக் கொஞ்சம் விட்டு மறுபடி அழுத்துங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகும். வளைவுக்குள் மெதுவாக நுழைந்து வேகமாக வெளியே வாருங்கள். பயந்து நடுவளைவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடாதீர்கள். முன்சக்கரம் இழுக்கும் நம் கார்களில் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் சறுக்கும். புதியவர்கள் சுழல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்த மூன்றையும் மீறித் தடத்தை விட்டு மண்ணில் இறங்கிவிட்டால் உடனே வெட்டித் திரும்ப ஏறாதீர்கள். நேராக விட்டு, வேகம் குறைந்தபின், பின்னால் பார்த்து ஏறுங்கள்.

முதல் ஓட்டத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு வேகம் போதும். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிக் காரை ஆறவிடுங்கள். பிட்டில் நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் கை பிரேக்கை இழுக்காதீர்கள். கொதிக்கும் டிரம்மில் லைனர் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். உடனே டயர் காற்றை அளந்தால் காலையில் வைத்ததைவிட ஐந்தாறு பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும். ஏறியதை இறக்குங்கள். பெட்ரோலைப் பார்த்துக்கொள்ளுங்கள், சாலையில் லிட்டருக்கு 12 கொடுக்கும் கார் இங்கே அதில் பாதிதான் கொடுக்கும்.

நேரம் அளக்கும் ஆப்பை முதல் நாள் திறக்க வேண்டாம். கடைசி ஓட்டத்தில் கை தளர்ந்து, கண் சொருகும்போது இன்னும் ஒரே ஒரு சுற்று என்று தோன்றும். அந்த ஓட்டத்தை விட்டுக்கொடுங்கள்.

மாலையே ஊருக்குக் கிளம்பாதீர்கள். நாள் முழுக்க வெயிலில் வேகமாக ஓட்டிய உடம்பு, சூட்டில் வெந்த பிரேக், மஞ்சள் விளக்கில் தெரியாத மாடு, மூன்றும் சேர்ந்தால் வம்பு. அன்றிரவும் தடத்துக்குப் பக்கத்திலேயே தங்கி, காலையில் பேட் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, பிரேக் ஆயில் மட்டத்தைப் பார்த்து, டயரில் காற்றை மறுபடி ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். வழியில் காபிக்கு நிறுத்தும்போது நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள்.